சிறுநீர் பெருகினால் பயமா?

கேள்வி: வயலில் கண்ணாடி விரியன் கடித்து என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 6 முறை டயாலிசிஸ். 10 நாள் சரியாகச் சிறுநீர் வராதவருக்கு இப்போது தினமும் 4 லிட்டர் போகிறது. பயமாயிருக்கிறது டாக்டர்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: கலங்காதீர்கள் அம்மா, சிறுநீரகம் தேறி வருவதன் அடையாளம் இது. வார்டில் காலையில் நுழைந்ததும் நான் தேடுவதே, கட்டிலோரம் கனத்துத் தொங்கும் அந்தச் சிறுநீர்ப் பையைத்தான். சிறுநீரகத்தில் பழுதான நுண்குழாய்கள் நீரைத் திரும்ப உறிஞ்சப் பழகும்வரை இப்படிக் கொட்டும். கூடவே உப்பும் பொட்டாசியமும் போய்விடும். கால் துவண்டாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகும் அளவை நோட்டில் குறித்து, டாக்டர் சொல்லும் அளவு தண்ணீர் கொடுங்கள். உடம்புவலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தரவே கூடாது. 3 மாதம் கழித்தும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவையும் சிறுநீரில் புரதத்தையும் பாருங்கள்.