முப்பதாண்டுப் போர் (1618–1648): கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இது கத்தோலிக்கர்–புராட்டஸ்டன்ட் சண்டை என்றால், கத்தோலிக்க பிரான்ஸ் ஏன் புராட்டஸ்டன்ட் சுவீடனுக்குப் பணம் கொடுத்தது?

பதில்: ஸ்பெயினிலும் வியன்னாவிலும் ஆண்டது கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் குடும்பம்தான். நடுவில் பிரான்ஸ். அந்தப் பிடியைத் தளர்த்தத்தான் பிரான்சின் முதலமைச்சர் ரிஷ்லியூ, அவரே கார்டினல் (கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குரு), 1631 ஜனவரியில் பேர்வால்டே என்ற ஊரில் சுவீடனுடன் ஒப்பந்தம் போட வைத்தார். ஆண்டுக்கு 4,00,000 தாலர் (அன்றைய ஜெர்மன் வெள்ளி நாணயம்) பிரான்ஸ் தரும். பதிலுக்கு சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் 30,000 காலாட்களும் 6,000 குதிரை வீரர்களும் வைத்திருக்க வேண்டும். அதற்காக மதம் வெறும் சாக்கு என்று சொல்லிவிடாதீர்கள். 1552க்குப் பின் கைமாறிய திருச்சபைச் சொத்துகளைத் திருப்பித் தரச்சொல்லி 1629இல் ஜெர்மன் நாடுகளுக்குத் தலைவரான ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஆணையிட்டார். அதுவரை அவரை அனுசரித்துப் போன லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) ஜெர்மன் நாடான சாக்சனியையே விலகவைத்ததில் அந்த ஆணைக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: துப்பாக்கி இருக்கும்போது ஈட்டிக்காரர்கள் எதற்கு சார்?

பதில்: அன்றைய மஸ்கட் (நீண்ட குழல் துப்பாக்கி) திரியால் சுடுவது. வெடியுப்பில் ஊறிய கயிற்றின் கனலும் முனையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, துப்பாக்கியின் பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணியில் வெடிமருந்துப் பொடி இட்டு மூட வேண்டும். பிறகு குழலில் மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் இடிக்க வேண்டும். திரியை மறுபடி மாட்டி, சாம்பலை ஊதி, கிண்ணியைத் திறந்து சுட வேண்டும். திரி தவறிப் பொடியில் பட்டால் சுடுபவனுக்கே ஆபத்து. மழையில் திரி அணையும். இரவில் அதன் கனலே இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். அடுத்த குண்டு தயாராவதற்குள் குதிரைப்படை வந்துவிடும் என்பதால் ஏறக்குறைய 5 மீட்டர் ஈட்டிகள் தேவைப்பட்டன.

கேள்வி: பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைன் அவ்வளவு பெரிய படைக்குச் சம்பளம் எங்கிருந்து கொடுத்தார்?

பதில்: பெரும்பகுதி, படை தங்கிய ஊர்களிடமிருந்து. ஊருக்கு இவ்வளவு ரொக்கம், இவ்வளவு தானியம் என்று தொகை நிர்ணயிப்பார்கள். கட்டினால் கொள்ளையிலிருந்து பாதுகாப்பு, கட்டாவிட்டால் படைவீரர் நுழைவார்கள். சிறிய படையால் பரந்த நிலப்பரப்பில் வசூலிக்க முடியாது; ஆகவே படை பெருக்க வேண்டும், பெருத்த படைக்கு இன்னும் நிலம் வேண்டும். சுரண்டிய பகுதியில் மறு ஆண்டு ஒன்றும் கிடைக்காது. பல படையெடுப்புகளின் திசையைத் தீர்மானித்தது எதிரியைவிடத் தீவனமும் தானியமும்தான்.

கேள்வி: அதிகம் பேர் செத்தது போர்க்களத்திலா?

பதில்: இல்லை. கொள்ளைநோய், டைஃபஸ் (பேன் பரப்பும் காய்ச்சல்), பட்டினி. படை நடந்த பாதையிலேயே நோயும் நடந்தது. 1631 மே 20இல் ஜெர்மன் நகரமான மாக்டபர்க் பேரரசின் படையிடம் விழுந்து சுமார் 20,000 பேர் மாண்டது போன்றவை விதிவிலக்கு. அங்கும் பலரைக் கொன்றது தீ.

கேள்வி: 1648இல் எப்படி ஓய்ந்தது?

பதில்: சமாதான ஒப்பந்தத்தில் மதச் சிக்கலுக்கு ஒரு தேதி வைத்தார்கள்: 1624 ஜனவரி 1. அன்று எந்தச் சபையிடம் கோயிலும் சொத்தும் இருந்தனவோ, அதனிடமே இருக்கும். ஆட்சியாளர் மதம் மாறினாலும் குடிமக்கள் மாற வேண்டியதில்லை. ஹாப்ஸ்பர்க் பரம்பரை நிலங்களின் பெரும்பகுதிக்கு மட்டும் இது பொருந்தாது. கையெழுத்தானதும் படைகள் கலைந்துவிடவில்லை. சுவீடன் வீரர்களுக்கு 50 லட்சம் தாலர் தருவதென்று முடிவாகி, அதை வசூலிப்பது பற்றி ஜெர்மன் நகரமான நியூரம்பர்கில் 1650 வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.