“நான் உதவிக்கு வந்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 31. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வீட்டுக்குள் வாக்கர், வெளியே போனால் வீல்சேர். பேச்சு வரும், ஆனால் இழுத்து இழுத்துத்தான் வரும். பழகாதவர்களுக்குப் பாதிதான் புரியும். வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன், சம்பாத்தியத்துக்குக் குறையில்லை. நண்பர்கள்தான் இல்லை. பள்ளித் தோழிகள் எல்லாம் கல்யாணம், குழந்தை, வேலை என்று போய்விட்டார்கள். பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்து வரும், அதோடு சரி.

ஒரு வருடத்துக்கு முன் அம்மாதான் என்னை மாற்றுத்திறனாளிகள் நட்புக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். மாதம் இரண்டு முறை வெளியே போவோம். பவுலிங், படகு சவாரி, பூங்காவில் போச்சியா (உட்கார்ந்தபடியே பந்தை எறிந்து இலக்குப் பந்துக்குப் பக்கத்தில் சேர்க்கும் விளையாட்டு), சத்தத்தைக் குறைத்து விளக்கை முழுதும் அணைக்காமல் ஓட்டும் சினிமா என்று ஏதாவது இருக்கும். வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஒரு சாய்வுச் சட்டத்தில் வைத்து பவுலிங் பந்தை உருட்டிவிடலாம் என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. முதல் உருட்டலில் ஏழு விழுந்தது. ஒரு வாரம் வீட்டில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழுவில் 14 பேர். உடல் ஊனம் மட்டும் உள்ளவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுத்திறன் குறைபாடு. அதில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் என்னோடு ஒட்டிக்கொண்டாள். என்னை “அக்கா” என்றுதான் கூப்பிடுவாள், அதனால் இங்கே தங்கச்சி என்றே சொல்கிறேன். எங்கே போனாலும் என் பக்கத்தில்தான் அவளுக்கு இடம். ஒரே கதையை மூன்று தடவை சொல்வாள். உண்மையைச் சொன்னால் சில சமயம் அலுப்பாக இருக்கும். ஆனால் ஒன்று: நான் பேசும்போது என் வாக்கியத்தை முடித்துவைக்காத ஒரே ஆள் அவள்தான். தன்னார்வலர்கள் முடித்துவிடுவார்கள், அம்மாகூட முடித்துவிடுவார். அவள் மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு உணவகத்துக்குப் போனோம். எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட், முதுகில் குழுவின் பெயர். உள்ளே நுழைந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. பரிமாறுபவர் எங்களில் யாரையும் பார்க்காமல் தன்னார்வலரிடம், “இவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். ஒரு தம்பி காதைப் பொத்திக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தான். தங்கச்சி சத்தமாகச் சிரித்துக் கைதட்டினாள். பக்கத்து மேஜைக் குடும்பம் எழுந்து வேறு மேஜைக்குப் போனது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தண்ணீர் டம்ளரை எடுத்தேன், கை உதறி மேலெல்லாம் கொட்டியது.

அப்போது என் பள்ளித் தோழி ஒருத்தி எதிரில் வந்து நின்றாள். எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்கிறேன். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “இவங்களைப் பார்த்துக்கவா வந்திருக்க?” என்று கேட்டாள். நான், “ஆமா, உதவிக்கு வந்திருக்கேன்” என்றேன். ஈர டி-ஷர்ட்டோடு வீல்சேரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னேன் மேடம். வீல்சேரைக்கூடக் கொஞ்சம் தள்ளித் திருப்பிக்கொண்டேன்.

தங்கச்சி கேட்டுவிட்டாள். ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ்: “அக்கா, நீ வாலண்டியரா? ஃப்ரெண்டு இல்லையா?”

நான் பதில் போடவில்லை. அடுத்த முறை காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிட்டேன். அதற்கடுத்த முறையும் அதேதான். இப்போது தினமும் மெசேஜ் வருகிறது, “காய்ச்சல் விட்டுடுச்சா அக்கா?” என்று.

குழுவை விட்டுவிடலாமா? என்னைப் போன்றவர்களையே பார்த்து எனக்கு வெட்கம் வருகிறது என்றால் நான் எப்படிப்பட்ட பிறவி? எங்களுக்காக இவ்வளவு செய்கிறவர்களிடம் டி-ஷர்ட் பிடிக்கவில்லை என்று சொல்வது நன்றிகெட்டதனம் ஆகாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புத் தோழிக்கு,

உங்கள் வெட்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான் என்று தெரிகிறது.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஊர் ஒருவிதமாகப் பார்க்கும் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர், தன் கூட்டத்து ஆள் ஊர் சொல்கிறபடியே நடந்துகொள்வதைப் பார்க்கும்போது கூசிப்போகிறார். அந்தக் கூட்டத்தை அணைத்துக்கொள்ளவும் முடியாது, கைவிடவும் முடியாது. தங்களுக்குள்ளேயே யார் கொஞ்சம் மேல், யார் கொஞ்சம் கீழ் என்று ஒரு வரிசையும் போட்டுக்கொள்வார்கள். உங்கள் கடிதத்திலும் அந்த வரிசை இருக்கிறது: “உடல் ஊனம் மட்டும் உள்ளவள் நான் ஒருத்திதான்.” அந்த “மட்டும்” உங்களை அறியாமல் விழுந்த சொல். குற்றம் கண்டுபிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 31 வருடமாகப் பிறர் உங்களைப் பார்த்த பார்வையை அன்றைக்கு நீங்கள் இரவல் வாங்கி மற்றவர்கள் மேல் வைத்தீர்கள். அப்படிப்பட்ட நிறையப் பேர் என் ஆலோசனை அறைக்கு வந்து, கதவை மூடிக்கொண்டு, மெதுவான குரலில் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த டம்ளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூளை முடக்குவாதத்தில் பதற்றம் வந்தால் தசை இறுக்கம் கூடும், கை இன்னும் கட்டுக்கு அடங்காது. யாராவது உற்றுப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே போதும். வீட்டில் சிந்தாமல் குடிக்கிற அதே கை அங்கே கொட்டியதற்கு இதுதான் காரணமாக இருக்கும். அன்றைக்குத் தோழி வந்து நிற்கும் முன்பே நீங்கள் நனைந்து, அவமானப்பட்டு, ஓடிப்போக வழி இல்லாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த நேரத்தில் அவளே ஒரு கதவைத் திறந்துவிட்டாள், நீங்கள் நுழைந்துவிட்டீர்கள். பொய்தான். ஆனால் திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. அடுத்து வந்த காய்ச்சல் அப்படி இல்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டி-ஷர்ட் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 1970இல் ஸ்வீடனின் மால்மோ நகரில், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களே பிரதிநிதிகளாகக் கூடி ஒரு மாநாடு நடத்தினார்கள். அவர்களே பேசி முடிவு செய்தார்கள். ஓய்வு நேரத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாகக் கழிக்க விரும்புகிறோம் என்றார்கள். ஊருக்குள் பெரிய கூட்டமாக நடந்து போவது எந்த நிலையிலும் எங்களுக்கு வேண்டாம் என்றும் சொன்னார்கள். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. உங்கள் குழு இன்னும் 14 பேரை ஒரே நிறத்தில் கூட்டிக்கொண்டு போகிறது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அந்தக் கோரிக்கையை வைத்தவர்கள் உங்களைப் போல ‘உடல் ஊனம் மட்டும்’ உள்ளவர்கள் இல்லை. தங்கச்சியைப் போன்றவர்கள். அப்படியானால் அன்றைக்கு அந்த உணவகத்தில் கூசிப்போனது நீங்கள் ஒருத்திதான் என்று எப்படித் தெரியும்? காதைப் பொத்திக்கொண்டு நடந்த தம்பிக்கு அந்தச் சத்தமும் கூட்டமும் தாங்க முடியாமல் போயிருக்கலாம். ஆட்டிசம் உள்ள பலருக்கு அப்படித்தான் ஆகும். அவன் எழுந்து நடந்தான், நீங்கள் வீல்சேரைத் திருப்பினீர்கள். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நன்றிகெட்டதனம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். பொழுதுபோக்கு, விளையாட்டு, கலை எல்லாவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமாகக் கலந்துகொள்ளும் உரிமை, 2006இல் நிறைவேறிய ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையிலேயே 30ஆவது பிரிவாக இருக்கிறது. பவுலிங்குக்குப் போவது யாரோ உங்களுக்குப் போடும் பிச்சை இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் உங்களை யாரும் இடைமறித்து முடித்துவைக்க முடியாது. டி-ஷர்ட் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். எல்லோரும் ஒரே இடத்துக்கு என்பதற்குப் பதில் மூன்று நான்கு பேராகப் பிரிந்து, யாருக்கு எங்கே போக ஆசையோ அங்கே போகலாம். இடத்தைத் தேர்வு செய்வது தன்னார்வலர்கள் வேலையாக இருக்கக் கூடாது. பரிமாறுபவர் தன்னார்வலரைக் கேட்டால், அவர் “அவங்களையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு முகத்தை உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டால் போதும், கேட்டவரும் திரும்பிவிடுவார். படம் எடுத்தால், எங்கே போடப்போகிறார்கள் என்று சொல்லிக் கேட்ட பிறகு எடுக்கட்டும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர். அடுத்த வெளிப்பயணத்தின் செலவுத் திட்டத்தை நீங்களே போட்டுக்கொடுங்களேன். அதன்பின் உங்கள் யோசனையை ஒதுக்குவது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது.

இனி தங்கச்சி.

அவளோடு நட்பாக இருப்பது உங்கள் கடமை இல்லை. இரண்டு பேருக்கும் ஊனம் இருக்கிறது என்பதால் மட்டும் நண்பர்கள் ஆகிவிட முடியாது. அப்படி எதிர்பார்ப்பது அம்மாக்களும் ஆலோசகர்களும் செய்யும் தவறு. அலுப்பு வருவதிலும் குற்றம் இல்லை. என் முப்பது வருடத் தோழி தன் மாமியார் கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் வாக்கியத்தை முடித்துவைக்காத ஒரே ஆள் அவள்தான் என்று. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்குக் கேட்டதை வாங்கிக்கொண்டு பதில் சொல்லக் கூடுதல் நேரம் தேவைப்படும். வாயால் சொல்ல முடிவதைவிட அதிகமாகவே புரிந்துகொள்வார்கள். சுற்றியிருப்பவர்களோ அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அவள் வாக்கியங்களையும் வாழ்நாள் முழுக்க யாராவது முடித்துவைத்திருப்பார்கள். உங்கள் வேகத்துக்குக் காத்திருப்பது அவளுக்குப் பெரிய பொறுமை ஒன்றும் இல்லை, அவள் வேகமும் அதுதான். உங்கள் முழு வாக்கியத்தையும் கேட்கிற ஒரு ஆளைத்தான் நீங்கள் இரண்டு மாதமாகத் தவிர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இது எனக்குக் கொஞ்சம் நஷ்டமாகத் தெரிகிறது. உங்களுக்கு எப்படித் தெரிகிறதோ.

குழுவில் இருப்பதா விலகுவதா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கணக்குக்காரர்கள் வட்டம், புத்தக வட்டம் என்று ஊனத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டத்தில் சேர ஆசை இருந்தால் அதிலும் சேருங்கள். ஒன்றில் சேர மற்றதை விட வேண்டியதில்லை. பள்ளித் தோழிக்கும் ஒரு செய்தி அனுப்பலாம், “அன்றைக்கு நான் உதவிக்கு வரவில்லை, அது என் குழுதான்” என்று. எப்போது தோன்றுகிறதோ அப்போது செய்தால் போதும், அவள் காத்துக்கொண்டிருக்கவில்லை.

தங்கச்சி காத்துக்கொண்டிருக்கிறாள். அவள் உங்களிடம் ஒரு நேரான கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் தராமல், இல்லாத காய்ச்சலைப் பற்றி தினமும் அவளைக் கவலைப்பட வைத்திருக்கிறீர்கள். உணவகத்தில் சொன்னதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. ‘அவளுக்கு எங்கே புரியப்போகிறது’ என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்திருக்கிறீர்களோ என்ற சந்தேகம் எனக்கு.

நேரில் சொல்லுங்கள், முடியாவிட்டால் வீடியோவில். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். காஃப்மன், உரிமை, சமூகப் பார்வை எதுவும் வேண்டாம். “நான் வாலண்டியர் இல்லை. அன்னைக்கு வெட்கமா இருந்தது, அதனால பொய் சொன்னேன். உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும். மன்னிச்சிடு.” இவ்வளவு போதும். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் உடனே வராது. அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று உங்களுக்குக் கை பரபரக்கும், நிரப்பாதீர்கள். அவள் கோபப்படலாம், அழலாம், கொஞ்ச நாள் வேறு யார் பக்கத்திலாவது போய் உட்காரலாம். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

தொடர்ந்து பேச விரும்பினால், தினமும் வரும் மெசேஜுக்கும் ஒரு வழி சொல்கிறேன். “அப்புறம் பேசலாம்” என்று சொன்னால் அவள் நாள் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி எட்டு மணிக்கு, பதினைந்து நிமிடம் என்று சொல்லுங்கள். நாளும் நேரமும் தெளிவாக இருந்தால் இருவருக்குமே சுலபம். சொன்ன நேரத்துக்கு நீங்கள் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது தடவை அதே கதை வந்தால், “இதை முன்னாடியே சொல்லிட்டியே, வேற சொல்லு” என்று சொல்லலாம். மற்ற எந்தத் தோழியிடமும் அப்படித்தானே சொல்வீர்கள்?

மன்னிப்புக் கேட்கும்போது காய்ச்சலும் பொய் என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பாவம், இன்றைக்கும் விசாரித்திருப்பாள்.