திறமூல லைப்ரரிக்குப் பெயர் சூட்டுதல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சர்வர் பதிவுக் கோப்புகளில் பல வடிவங்களில் இருக்கும் தேதியையும் நேரத்தையும் படித்து ஒரே வடிவத்துக்கு மாற்றித் தரும் பைத்தான் லைப்ரரி ஒன்றை எழுதியிருக்கிறேன். அதைத் திறமூலமாக வெளியிட விரும்புகிறேன். செய்யும் வேலையைச் சொல்லும் பெயரை வைப்பதா, மனத்தில் நிற்கும் தனிப்பெயரை வைப்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை.

பதில்: உங்களுடையதைப் போல ஒரே வேலையைச் செய்யும் சிறிய லைப்ரரிக்கு, அந்த வேலையைச் சொல்லும் பெயரையே நான் பரிந்துரைப்பேன். இத்தகைய லைப்ரரியை முன்பே பெயர் தெரிந்து தேடி வருபவர்கள் மிகக் குறைவு. தங்கள் சிக்கலைத் தேடுபொறியில் தட்டச்சு செய்யும்போது கண்ணில் பட்டால்தான் அவர்கள் உள்ளே வந்து பார்ப்பார்கள். தனிப்பெயர் பெரிய திட்டங்களுக்குப் பொருந்தும். பைத்தானின் தரவுப் பகுப்பாய்வு லைப்ரரியான பாண்டாஸின் பெயர் 'பேனல் டேட்டா' என்னும் புள்ளியியல் தொடரிலிருந்து பிறந்தது. அது தெரியாதவருக்கும் இன்று அந்தப் பெயர் அட்டவணைத் தரவையே நினைவூட்டுகிறது என்றால், பல ஆண்டுப் பயன்பாடும் ஆவணங்களும் அந்தப் பொருளை அதில் ஏற்றியிருக்கின்றன என்பதே காரணம். நேற்று எழுதிய லைப்ரரிக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் வேலையைச் சொல்லும் பெயரை அளவுக்கு மீறிக் குறுக்கிவிடக் கூடாது. உலாவிகளில் உள்ள எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற வசதி எந்த வகைத் தரவையும் கொண்டுவரக் கூடியது. எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவத்தைத் தொடாத நிரல்களிலும் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே இன்று உங்கள் லைப்ரரி ஆதரிக்கும் ஒரு கோப்பு வடிவத்தின் பெயரை அதன் தலையில் எழுதிவிடாதீர்கள். பதிப்பு எண்ணைப் பெயரோடு ஒட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். இணைய முகவரிகளிலிருந்து தரவைப் பெற உதவும் யூஆர்எல்லிப், யூஆர்எல்லிப்2, யூஆர்எல்லிப்3 ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கும் புதியவர், மூன்றாவதுதான் முதலிரண்டின் புதிய பதிப்பு என்று நினைத்துவிடுகிறார். முதலிரண்டும் பைத்தானோடு வந்தவை. மூன்றாவது வெளியார் எழுதிய தனி லைப்ரரி.

இரண்டு மூன்று பெயர்கள் கைவசம் வந்த பிறகு, ஒவ்வொன்றையும் அது உண்மையில் வாழப்போகும் இடத்தில் எழுதிப் பாருங்கள். நிறுவும் கட்டளை, லைப்ரரியை நிரலுக்குள் கொண்டுவரும் இம்போர்ட் வரி, ஒரு செயற்கூறை அழைக்கும் வரி ஆகிய மூன்றையும் தட்டச்சு செய்தாலே, பெயர் நீளமா, எழுத்துப்பிழைக்கு இடம் தருகிறதா என்பது தெரிந்துவிடும். 'காலண்டர்' என்று வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே பெயரில் பைத்தானின் நிலையான லைப்ரரியில் ஒரு பகுதி இருப்பதால், உங்களுடையதை நிறுவியவர் இம்போர்ட் செய்யும்போது பைத்தான் தன்னுடையதையே முதலில் எடுத்துக்கொள்ளும். பயனரோ உங்கள் நிரலில்தான் பிழை என்று எண்ணுவார்.

லைப்ரரியோடு கட்டளைவரிக் கருவியையும் தருவதாக இருந்தால், லினக்ஸ் விநியோகங்களில் அந்தக் கட்டளை ஏற்கெனவே உள்ளதா என்றும் பாருங்கள். கோப்புகளைத் தேடும் எஃப்டி என்ற கருவி, டெபியன் விநியோகத்தில் எஃப்டிஃபைண்ட் என்ற கட்டளையாகத்தான் கிடைக்கிறது. குறுகிய பெயரை எஃப்டிகுளோன் என்ற பழைய மென்பொருள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. அதனால் அந்தக் கருவியின் நிறுவல் குறிப்பிலேயே இதற்கெனத் தனி விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. கடைசியாக, தேடுபொறியில் பெயரைத் தனியாகத் தேடுங்கள். 'கோ' அன்றாட ஆங்கிலச் சொல் என்பதால், கோ நிரல் மொழியைத் தேடுபவர்கள் 'கோலாங்' என்று தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டார்கள்; அவ்வளவு பரவலான மொழிக்காக மக்கள் அந்தச் சிரமத்தை ஏற்பார்கள், புதிய லைப்ரரிக்காக ஏற்க மாட்டார்கள்.

கேள்வி: நான் விரும்பிய பெயர், லைப்ரரிகள் நிறுவத்தக்க பேக்கேஜ்களாக வெளியிடப்படும் பதிவகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த பேக்கேஜ் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை. நடுவில் ஒரு இணைகோடு சேர்த்தோ ஓர் எழுத்தை மாற்றியோ அதே பெயரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பைத்தான் பேக்கேஜ்களின் பதிவகமான பைபிஐயில் இணைகோடு சேர்ப்பது நடக்கவும் நடக்காது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டை அது கணக்கில் கொள்வதில்லை. இணைகோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றையும் ஒன்றாகவே கருதுகிறது. ஓ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாகப் பூஜ்யத்தைப் போட்டு ஏமாற்றும் பெயர்களையும் அது மறுத்துவிடும்.

இந்தக் கண்டிப்புக்கு வலுவான காரணம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டில், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பதிவகமான என்பிஎம்மில், 'கிராஸ்-என்வ்' என்ற புகழ்பெற்ற பேக்கேஜின் பெயரிலிருந்து இணைகோட்டை மட்டும் நீக்கி ஒருவர் வேறொரு பேக்கேஜைப் பதிவேற்றினார். இணைகோட்டைத் தட்டச்சு செய்ய மறந்தவர்களின் கணினியில் அது நிறுவப்பட்டு, நிரல்களுக்கான அமைப்புகளை வைத்திருக்கும் சூழல் மாறிகளில் இருந்த தகவல்களைத் திரட்டி வெளியே அனுப்பியது. கடவுச்சொற்களும் அணுகல் சாவிகளும் பெரும்பாலும் இருக்கும் இடம் அதுதான். உங்கள் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஓர் எழுத்து வேறுபாட்டில் நிற்கும் பெயரைப் பார்க்கும் அனுபவமுள்ள நிரலாளர், முதலில் உங்களைத்தான் சந்தேகிப்பார். அது நியாயமான சந்தேகமும்கூட.

கைவிடப்பட்ட பெயரைக் கேட்டுப் பெறப் பைபிஐயில் எழுத்துபூர்வமான நடைமுறை உண்டு. பழைய உரிமையாளரைத் தொடர்புகொள்ள உண்மையாக முயன்றிருக்க வேண்டும், பேக்கேஜ் கைவிடப்பட்டதாக ஏற்கப்பட வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் அடங்கும். ஆனால் பழைய பெயரோடு அதன் பழைய பயனர்களும் வருவார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். புதுப்பிக்கும் கட்டளையை இயக்கியவருக்குத் தொடர்பே இல்லாத வேறொரு நிரல் போய்ச் சேர்வது அவருக்குச் செய்யும் தீங்கு. ஆகவே ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்து, தெளிவாக வேறுபடும் பெயரைத் தேடுவதே நல்லது. என்பிஎம்மில் உங்கள் பயனர் பெயரை முன்னொட்டாக வைத்து வெளியிடும் வசதியும் இருக்கிறது.

கேள்வி: இலவசமாகத் தரும் மென்பொருளுக்கு வர்த்தக முத்திரைச் சிக்கல் வருமா?

பதில்: வரும். விலை இல்லை என்பதால் மட்டும் விலக்குக் கிடைத்துவிடாது; பெயரைப் பார்ப்பவர் ஒன்றை மற்றொன்று என்று குழம்புவாரா என்பதே அடிப்படைக் கேள்வி. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2002இல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. அந்தப் பெயரின் முத்திரை உரிமையை வேறொரு நிறுவனம் கோரியதால் 2003இல் ஃபயர்பேர்ட் ஆனது. அதே பெயரில் ஒரு திறமூலத் தரவுத்தளம் இருந்ததால், அதன் ஆதரவாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2004 பிப்ரவரியில் மூன்றாவது பெயர் வந்தது. இரண்டாவது மோதலில் எதிரே நின்றதும் ஒரு திறமூலத் திட்டம்தான் என்பதைக் கவனியுங்கள். பதிவு பெற்ற முத்திரைகளோடு சேர்த்து, உங்கள் துறையில் உள்ள திறமூலத் திட்டங்களின் பெயர்களையும் தேடிப் பார்ப்பது அவசியம்.

திட்டத்தைப் பலர் சேர்ந்து நடத்தினால், பெயர் யாருக்குச் சொந்தம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். நிரலின் உரிமம் பெயரைத் தானாக உள்ளடக்குவதில்லை, அப்பாச்சி 2.0 உரிமம் முத்திரைகளைப் பயன்படுத்தும் உரிமையைத் தான் வழங்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஈதீரியல் என்ற வலையமைப்புப் பகுப்பாய்வுக் கருவியை உருவாக்கியவர் 2006இல் வேலை மாறியபோது, பெயரின் முத்திரை பழைய நிறுவனத்திடம் இருந்ததால், நிரலைக் கொண்டுசெல்ல முடிந்தும் பெயரைக் கொண்டுசெல்ல முடியவில்லை. இன்று நாம் வயர்ஷார்க் என்று அறிவது அந்தக் கருவியைத்தான்.

கேள்வி: என் தாய்மொழிச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதிப் பெயராக வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். ஒரே முறையில் மட்டும் எழுதக்கூடிய சொல்லாகத் தேர்ந்தெடுங்கள். நெடிலை ஓர் எழுத்தாலா இரண்டு எழுத்தாலா எழுதுவது என்று தயங்கவைக்கும் சொல் பயனரைத் தவறான பேக்கேஜுக்கு இட்டுச் செல்லும். பிற மொழிகளில் அந்த ஒலி எப்படிக் கேட்கும் என்றும் விசாரியுங்கள். பிரான்சில் உருவான காக் என்ற, கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் மென்பொருள், பெயர் ஆங்கிலம் பேசுவோரின் காதில் ஆபாசமாக ஒலித்ததால், நீண்ட விவாதத்துக்குப் பின் 2025இல் ராக் என்ற பெயரில் வெளிவந்தது.

கேள்வி: லைப்ரரியை வெளியிட்டு ஓராண்டு ஆகிவிட்டது. இப்போது பெயரை மாற்றலாமா?

பதில்: குழப்பமோ முத்திரைச் சிக்கலோ இருந்தால் மாற்றுங்கள், சலிப்புக்காக மாற்றாதீர்கள். உங்கள் பெயர் பிறருடைய இம்போர்ட் வரிகளிலும் அவர்களுக்குத் தேவையான லைப்ரரிகளைக் குறிக்கும் சார்புப் பட்டியல்களிலும் பதிந்துவிட்டது. அவர்கள் ஒவ்வொருவரும் கைவேலை செய்தால்தான் மாற்றம் முழுமையடையும். புதிய பெயரில் வெளியிட்ட பிறகு, பழைய பெயரில் ஒரு சிறிய பேக்கேஜை விட்டுவையுங்கள். அது புதியதை நிறுவிக்கொடுத்து, பெயர் மாறிய செய்தியை எச்சரிக்கையாகக் காட்டட்டும்.

பழைய பெயரை எக்காரணம் கொண்டும் பதிவகத்திலிருந்து நீக்கிவிடாதீர்கள், ஏனெனில் காலியான பெயரை அடுத்தவர் எடுத்துக்கொள்ள வழி திறந்துவிடும். சைகிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் லைப்ரரியின் குழுவினர் தங்கள் லைப்ரரியின் இம்போர்ட் பெயரான எஸ்கேலேர்ன் என்பதைப் பைபிஐயில் தாங்களே பிடித்துவைத்திருப்பது, தீய நோக்கமுள்ளவர் கைக்கு அது போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். நீங்களும் புதிய பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டால், பாதுகாக்க வேண்டிய பெயர்களில் ஒன்று குறையும்.