எதிர்மறை வலுவூட்டல் தண்டனை இல்லை: உளவியல் கலைச்சொற்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: நான் உளவியல் முதலாண்டு மாணவி. கலைச்சொற்களை ஒரு பக்கமும் வரையறையை மறுபக்கமும் எழுதிய அட்டைகளை வைத்து மனப்பாடம் செய்கிறேன். சொல்லைக் கேட்டால் வரையறையை அப்படியே ஒப்பிப்பேன். ஆனால் தேர்வில் ஒரு சம்பவத்தைக் கொடுத்து ‘இது எந்தக் கருத்து?’ என்று கேட்டால் தடுமாறுகிறேன். எதிர்மறை வலுவூட்டலையும் தண்டனையையும் மூன்று தேர்வுகளில் மாற்றி எழுதிவிட்டேன். வேறு எப்படிப் படிப்பது?

பதில்: உங்கள் நினைவாற்றலில் குறை இல்லை. வரையறைதான் மனப்பாடமாக இருக்கிறதே. தொல்லை கொடுப்பது அந்த வரையறையில் வரும் சொற்கள். நேர்மறை, எதிர்மறை, தண்டனை எல்லாமே வகுப்புக்கு வருவதற்கு முன்பே உங்களுக்குப் பழக்கமானவை. எதிர்மறை என்றால் கெட்டது என்று இத்தனை வருடம் பழகிவிட்ட மனம், பாடம் தரும் புதுப் பொருளுக்கு இடம் விடுவதில்லை. இதற்கும் உங்கள் பாடத்திலேயே ஒரு பெயர் உண்டு: முன்னோக்குத் தடை. முன்பு கற்றது இப்போது கற்பதற்குக் குறுக்கே நிற்பது. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் விரல் பழையதையே அடிக்கிறதே, அதுதான். புதுக் கடவுச்சொல் நன்றாகப் பழகி, பழையது மறந்துபோனால் அது பின்னோக்குத் தடை.

நடத்தை எப்படி வலுப்பெறுகிறது என்பதை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னரே 1938-ல் எழுதிய நூலில், இன்று நாம் தண்டனை என்பதைத்தான் எதிர்மறை வலுவூட்டல் என்று அழைத்தார். 1953-ல் வந்த நூலில் இப்போதைய பொருளுக்கு மாற்றிக்கொண்டார். ஆகவே இந்தக் குழப்பத்துக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். இங்கே நேர்மறை என்பது கூட்டல் குறி, எதிர்மறை என்பது கழித்தல் குறி. நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை. நடத்தைக்குப் பின் ஏதோ ஒன்று வந்து சேர்ந்தால் கூட்டல், இருந்த ஒன்று விலகினால் கழித்தல். அந்த நடத்தை பிறகு அதிகரித்தால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை.

காரில் ஏறுகிறீர்கள், சீட் பெல்ட் போடும்வரை ‘பீப் பீப்’ என்று கத்துகிறது. போட்டதும் நிற்கிறது. நாளடைவில் ஏறியவுடனே கை பெல்ட்டைத் தேடுகிறது. சத்தம் எரிச்சலாக இருப்பதால் பலர் இதைத் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் பெல்ட் போடும் நடத்தை கூடியிருக்கிறது, சத்தம் விலகியிருக்கிறது. எனவே எதிர்மறை வலுவூட்டல்.

இன்னொரு காட்சியைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், பாதிக் குழப்பம் இதிலேயே தீரும். செல்போன் வேண்டும் என்று ஒரு குழந்தை அழுகிறது. அம்மா தாங்க முடியாமல் கொடுத்துவிடுகிறார். அழுகை நிற்கிறது. மறுநாள் குழந்தை இன்னும் சீக்கிரமாக அழத் தொடங்குகிறது, அம்மாவும் இன்னும் சீக்கிரமாகக் கொடுக்கிறார். இது எந்தக் கருத்து? யாருடைய நடத்தையைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. குழந்தையின் பக்கம்: அழுததும் போன் வந்தது, அழுகை கூடியது. நேர்மறை வலுவூட்டல். அம்மாவின் பக்கம்: கொடுத்ததும் அழுகைச் சத்தம் போனது, கொடுப்பது கூடியது. எதிர்மறை வலுவூட்டல். ஒரே நிமிடத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திவிட்டார்கள்.

அதே குழந்தை தங்கையை அடித்ததால் அம்மா போனை வாங்கி வைத்துவிடுகிறார், அடிப்பது குறைகிறது என்றால் அது எதிர்மறைத் தண்டனை. போனை வாங்காமல் திட்டுகிறார், ஆனால் அடிப்பது குறையவே இல்லை என்றால்? உளவியலின் கணக்கில் அந்தத் திட்டு தண்டனையே ஆகாது. திட்டியதால் குறும்பு அதிகமானால், திட்டு வலுவூட்டியாக வேலை செய்திருக்கிறது. அம்மாவின் கவனம் கிடைத்ததே! தண்டிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இங்கே மதிப்பில்லை, அதன் பிறகு நடத்தை என்ன ஆனது என்பதற்குத்தான் மதிப்பு. நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். பெற்றோரும் ஆசிரியரும் திட்டித் திட்டி ஓய்ந்துபோவதன் காரணங்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

அடுத்து நிறையப் பேர் இடறுவது இரண்டு வகை ஆக்கநிலையுறுத்தலில், அதாவது அனுபவத்தால் ஒரு எதிர்வினையோ நடத்தையோ பழக்கமாவதில். ஒன்று பாவ்லோவ் காட்டியது, மற்றது தார்ன்டைக் தொடங்கி ஸ்கின்னர் வளர்த்தது. பாவ்லோவ் அடிப்படையில் உடலியங்கியல் அறிஞர், 1904-ல் நோபல் பரிசு பெற்றதும் செரிமான ஆய்வுக்காகத்தான். உணவு வாய்க்கு வரும் முன்பே நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் ஆராய்ந்தார். அந்த நாய் எச்சில் ஊறினாலும் ஊறாவிட்டாலும் உணவு வரும். உளவியலாளர் தார்ன்டைக் 1898-ல் கூண்டில் அடைத்த பூனையோ, கயிற்றை இழுப்பது போல ஏதாவது செய்தால்தான் கதவு திறக்கும். ஆகவே சம்பவத்தைப் படித்ததும் இதைக் கேளுங்கள்: விளைவு கிடைக்க அந்த உயிர் ஏதாவது செய்தாக வேண்டுமா? ஆம் என்றால் ஸ்கின்னர் பக்கம். இரண்டு தூண்டல்கள் சேர்ந்து வந்ததாலேயே துலங்கல் (அதாவது எதிர்வினை) தானாக எழுகிறது என்றால் பாவ்லோவ் பக்கம்.

இரண்டும் ஒரே காட்சியில் வருவதும் உண்டு. பல் மருத்துவரிடம் ஒருவருக்கு வலித்தது, உடம்பு விறைத்தது. அடுத்த முறை துளையிடும் கருவியின் சத்தத்துக்கே உடம்பு விறைக்கிறது. வலி இயல்பான தூண்டல், வலிக்கு உடம்பு விறைப்பது இயல்பான துலங்கல். சத்தம் ஆக்கநிலைப்பட்ட தூண்டல், சத்தத்துக்கு விறைப்பது ஆக்கநிலைப்பட்ட துலங்கல். ‘கற்பதற்கு முன்பே இது இருந்ததா?’ என்று கேட்டால் இந்த நான்கும் இடம் மாறாது. பிறகு அவர் மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்டதும் பயம் தணிகிறது, தள்ளிப்போடுவது வழக்கமாகிறது. இங்கே எதிர்மறை வலுவூட்டல் வந்துவிட்டது. பயம் நாள்பட்டு நிலைப்பதை உளவியலாளர் மௌரர் இந்த இரண்டு படிகளாகத்தான் விளக்கினார்.

ஆய்வுமுறைச் சொற்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சமவாய்ப்பு மாதிரி என்பது ஆய்வுக்கு யாரைச் சேர்ப்பது என்பது பற்றியது, முடிவு மற்றவர்களுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு உதவும். சமவாய்ப்பு ஒதுக்கீடு என்பது சேர்ந்தவர்களை எந்தக் குழுவில் போடுவது என்பது பற்றியது, காரணம் எது என்று சொல்ல உதவும். இரண்டு விஷயங்கள் சேர்ந்து மாறுகின்றனவா என்று மட்டும் பார்க்கும் ஒட்டுறவு ஆய்வில் இந்த ஒதுக்கீடு இல்லை, அதனால் அதை மட்டும் வைத்து ‘இதனால் அது’ என்று எழுத முடியாது.

இப்போது உங்கள் அட்டைகள். அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம், முன்பக்கத்தை மட்டும் மாற்றுங்கள். சொல்லுக்குப் பதில் ஒரு சம்பவத்தை எழுதுங்கள், பின்பக்கத்தில் சொல்லையும் அது ஏன் பொருந்துகிறது என்பதையும் எழுதுங்கள். சம்பவங்களை நீங்களே யோசிப்பது நல்லது, யோசிக்கும்போதே எங்கே புரியவில்லை என்று தெரிந்துவிடும். வலுவூட்டல் அட்டைகளைத் தனியாக, தண்டனை அட்டைகளைத் தனியாக அடுக்காமல் கலைத்துப் போட்டு எடுங்கள். ஒரே வகையாக வந்தால் பதிலை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சொல்லிவிடுவீர்கள், தேர்வில் அந்த வசதி இருக்காது.

பின்பக்கத்தைப் பார்க்கும் முன் பதிலை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். மறுவாசிப்பு ‘எனக்குத் தெரியும்’ என்ற உணர்வைத் தருவதால் அதை நம்பிவிடுகிறோம்.

தேர்வில் கருத்தின் பெயரை உடனே எழுதாதீர்கள். ஓரத்தில் பென்சிலால் மூன்று குறிப்பு போடுங்கள்: யாருடைய நடத்தை, கூடியதா குறைந்ததா, வந்ததா போனதா. உதாரணமாக, தலைவலிக்கு ஒருவர் மாத்திரை போட்டார், வலி போனது, அடுத்த தலைவலிக்கும் அதே மாத்திரையைத் தேடினார் என்று கேள்வி வருகிறது. மாத்திரை போடுவது, கூடியது, வலி போனது. இந்த மூன்றையும் எழுதி முடிக்கும்போது பெயர் தானாக வந்திருக்கும்.