ஸ்காட்லாந்துக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால்

கேள்வி: நான் மதுரைக்காரி. அமெரிக்காவில் வட கரோலினாவின் ராலே நகரில் வசிக்கிறேன். என் கணவரின் தந்தைவழி முன்னோர் ஒருவர், இந்தப் பகுதி பிரிட்டனின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து வந்தவர். குடும்பப் பெயர் ‘மெக்’ என்று தொடங்கும். கலோடன் போரில் தோற்றுத் தப்பி ஓடிவந்தவர் என்று வீட்டில் சொல்கிறார்கள். கம்பர்லாந்து கவுண்டியில் நிலம் இருந்ததாம், 1790-களில் இறந்தாராம். இணையத்தில் கிடைத்த ஒரு வம்ச மரம் அவரை 15-ஆம் நூற்றாண்டுக் குலத்தலைவர் ஒருவர் வரை கொண்டுபோகிறது. பிள்ளைகளுக்காக இதையெல்லாம் முறையாக எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். வரும் கோடையில் ஸ்காட்லாந்து போய்த் தேடலாமா? கணவரின் பெரியப்பா ஒருவர் இருக்கிறார், 86 வயது. அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்:

டிக்கெட்டை இப்போது எடுக்காதீர்கள். எடின்பரோவில் போய் இறங்கியதும் காப்பகத்தில் கேட்கும் முதல் கேள்வி ‘எந்தப் பங்கு?’ என்பதாகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்தின் பழைய ஞானஸ்நான, திருமண ஏடுகள் திருச்சபைப் பங்கு வாரியாக, அதாவது ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி வாரியாக, இருப்பவை. பங்கின் பெயர் தெரியாமல், உங்கள் குடும்பப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால் ஒரே பெயரில் முப்பது பேர் கிடைப்பார்கள். அவர்களில் யார் கப்பல் ஏறினார் என்று எந்த ஏடும் சொல்லாது. அந்தப் பங்கின் பெயர் கிடைக்க அதிக வாய்ப்புள்ள இடம் உங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில், ராலே ஜோன்ஸ் தெருவில் உள்ள மாநில ஆவணக் காப்பகம். அங்கே ஆறு மாதம் உட்காருங்கள். பிறகு கடல் தாண்டலாம்.

முதலில் இரண்டு கதைகளைத் தள்ளி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டுவர்ட் இளவரசர் சார்லஸுக்காகத் திரண்ட மலைநாட்டார் பிரிட்டிஷ் அரசரின் படையிடம் தோற்ற கலோடன் போர் நடந்தது 1746 ஏப்ரல் 16. அதன்பின் கைதிகளில் 900-க்கும் மேற்பட்டவர்கள் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்டது உண்மை. அவர்கள் பெயர்கள் அச்சில் வந்திருக்கின்றன. சரிபார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றங்கரையில் குடியேறிய மலைநாட்டாரில் மிகப் பெரும்பாலோர் தாமாக, பயணக்கூலி கொடுத்து வந்தவர்கள். முதல் பெரிய கூட்டம், ஆர்கைல் பகுதியிலிருந்து ஏறத்தாழ 350 பேர், ‘திஸில்’ என்ற கப்பலில் வந்து இறங்கியது 1739 செப்டம்பரில். கலோடனுக்கு ஏழு ஆண்டு முன்பு! அப்போதைய ஆளுநர் கேப்ரியல் ஜான்ஸ்டனே ஸ்காட்லாந்துக்காரர். 40 பேருக்குக் குறையாத கூட்டமாக வருகிறவர்களுக்குப் பத்து ஆண்டு வரிவிலக்கு தருவது பற்றிச் சட்டசபை முடிவெடுத்தது. வாள் ஏந்தித் தோற்றவர் என்று சொல்லிக்கொள்வதில் இருக்கும் பெருமை, வாடகை கட்ட முடியாமல் வந்தவர் என்பதில் இல்லை. அதனால்தான் கரோலினாவில் பாதி வீடுகளில் கலோடன் கதை உலவுகிறது.

குலத்தலைவர் வரை போகும் மரம் இன்னும் மோசம். மலைநாட்டில் குடியானவர்கள் தாங்கள் அண்டி வாழ்ந்த தலைவரின் பெயரைச் சூட்டிக்கொள்வது வழக்கம். பெயர் ஒன்றாக இருப்பதால் இரத்தம் ஒன்றாகிவிடாது. அந்த மரத்தில் 1700-க்கு மேலே உள்ளவர்களுக்கு ஏதாவது ஆவணம் சுட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இன்னொரு மரத்தைத்தான் சுட்டியிருக்கும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? நிலத்திலிருந்து. நம் ஊரில் மூலப்பத்திரம் கேட்பதைப் போலவே கேளுங்கள். குடியேற்றக் கால வட கரோலினாவில் அரசு நிலம் ஒருவர் கைக்கு வருவதற்குள் பல தாள்கள் உருவாகும்: மனு, அளக்கச் சொல்லும் உத்தரவு, அளந்தவர் வரைந்த படம், கடைசியாக மானியப் பட்டயம். குடும்பத்தில் ஆளுக்கு 50 ஏக்கர் என்ற கணக்கு இருந்ததால் சில மனுக்களில் வீட்டில் எத்தனை பேர் என்பதும் இருக்கும். பட்டயத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் முதலில் எடுப்பது அளவைப் படத்தை. அதன் ஓரத்தில் நிலம் அளக்கச் சங்கிலி பிடித்த இருவர் பெயர் இருக்கும். கூலிக்கு வெளியூர் ஆளை யாரும் கூட்டிவருவதில்லை. மச்சான், மகன், பக்கத்துக் காட்டுக்காரர் என்று யாராவதுதான் பிடித்திருப்பார்கள். உங்கள் முன்னோரின் ஊரைச் சொல்லப்போவது பல நேரம் அந்தச் சங்கிலிக்காரரின் தாள்தான். மலைநாட்டார் தனித்தனியாக வரவில்லை. ஒரே பள்ளத்தாக்கிலிருந்து உறவும் முறையுமாக வந்து, ஒரே ஓடைக்கரையில் அடுத்தடுத்து நிலம் வாங்கினார்கள். உங்கள் ஆளைப் பற்றி எழுதிவைத்தவர் யாரும் இல்லாமல் போகலாம். அவரைச் சுற்றியிருந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது ஊர்ப்பெயர் எங்காவது பதிவாகியிருக்கும். எனவே ஒருவரைத் தேடாதீர்கள், கூட்டத்தைத் தேடுங்கள்.

‘கம்பர்லாந்தில் நிலம்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பர்லாந்து கவுண்டி பிறந்ததே 1754-இல், பிளேடன் கவுண்டியைப் பிரித்து. அதற்கு முந்தைய மானியம் பிளேடன் பெயரில் இருக்கும். பிறகு 1784-இல் மூர் கவுண்டியும், 1855-இல் ஹார்னெட்டும் கம்பர்லாந்திலிருந்து பிரிந்தன. 1911-இல் ஹோக் பிரிந்தபோதும் ஒரு பகுதி போயிற்று. ஒரே காட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்த குடும்பத்தின் தாள்கள் மூன்று கவுண்டி நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும். பிளேடனின் பழைய பதிவுகள் பல தீயில் போய்விட்டன. ஆனால் மானியக் கோப்புகள் தலைமையிடத்தில் தனியாக இருந்ததால் தப்பின. அவற்றின் படங்கள் இப்போது இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கவுண்டியை விட ஓடையின் பெயரைக் குறித்துக்கொள்வது நல்லது. பார்பக்யூ ஓடை, ராக்ஃபிஷ் ஓடை என்பவை மாறவில்லை. டிரவுனிங் கிரீக் மட்டும் 1809-இல் லம்பர் ஆறு என்று பெயர் மாறியது.

ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்றேன். அவர்களைப் பிரித்தறிய ஓடைதான் முதல் துணை. மனைவி பெயர் அடுத்தது. ஸ்காட்லாந்து ஆவணங்களில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்தவீட்டுப் பெயரிலேயே எழுதப்படுவதால், கடல் தாண்டிய பிறகு இது பெரிய உதவியாக இருக்கும். முதல் பெயர்களில்தான் சிக்கல். வீட்டில் கேலிக் மொழி, எழுத்தர் கையில் ஆங்கிலம். ஸ்காட்லாந்தில் டொனால்ட் ஆக இருந்தவர் கரோலினாவில் டானியல் ஆகியிருப்பார். எஃபி என்று அழைக்கப்பட்ட பெண் இன்னொரு தாளில் யூஃபிமியா. ‘மெக்’ பெயரை ஒவ்வொரு எழுத்தரும் காதில் விழுந்தபடி எழுதினார்கள். எழுத்துக்கூட்டலை வைத்து ‘இது நம் குடும்பம் அல்ல’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிள்ளைகளின் பெயர் வரிசை நமக்குப் பழக்கமானதுதான். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டிலிருந்து வந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சான்றாக எழுதிவிடாதீர்கள்.

கப்பல் பட்டியலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேட்கப்போகிறீர்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகள் பட்டியல் கட்டாயமானது 1820-இல்தான். அதற்கு முன் ஒருவர் பெயர் பட்டியலில் இருந்தால் அது அதிர்ஷ்டம். ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. மக்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களே என்று கலங்கிய பிரிட்டிஷ் அரசு, 1773 டிசம்பர் முதல் 1776 வரை புறப்படுகிறவர்களைச் சுங்க அதிகாரிகள் மூலம் விசாரித்து எழுதிவைத்தது. பெயர், வயது, தொழில், ஊர், போகும் காரணம் எல்லாம் அதில் உண்டு. லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் கருவூலப் பதிவுகளில் இருக்கிறது, அச்சிலும் வந்துள்ளது. முழுமையானது அல்ல.

அந்தக் காலத்து விசாரணைகளில் ‘பேச்சிலர் ஆஃப் லீத்’ என்ற கப்பலில் இருந்தவர்களின் வாக்குமூலத்தை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. வட கரோலினாவின் வில்மிங்டன் நோக்கிப் புறப்பட்ட கப்பல் அது. சதர்லாந்தின் கிளைன் பங்கைச் சேர்ந்த வில்லியம் கார்டன், அறுபது தாண்டிய குடியானவர், சொல்கிறார்: தாத்தா காலத்தில் எட்டு மெர்க் (ஸ்காட்லாந்தின் பழைய நாணயம்) வாடகையாக இருந்த நிலத்துக்குத் தன்னிடம் அறுபது மெர்க் வாங்கினார்கள், மாடுகளும் செத்துவிட்டன, இரண்டு மகன்கள் ஏற்கெனவே கரோலினாவில் இருந்துகொண்டு வரச்சொல்லிக் கடிதம் எழுதினார்கள், தான் கிழவன், கால் ஊனம், எங்கே இருந்தாலும் ஒன்றுதான், பிள்ளைகளுக்காகப் போகிறேன். ஒரு முன்னோரின் வாயிலிருந்து இவ்வளவு கிடைத்தால் நாம் பாக்கியசாலிகள். ஆனால் அந்தக் கப்பல் புயலில் அடிபட்டு ஷெட்லாந்துத் தீவுகளில் ஒதுங்கியது. விசாரணை நடந்ததே அங்கேதான், 1774 ஏப்ரலில். அது கரோலினா போய்ச் சேரவே இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் ‘புறப்பட்டார்’ என்று எழுதுங்கள். ‘வந்தார்’ என்பதற்கு இந்தக் கரையில் வேறு தாள் வேண்டும்.

தேவாலயத்தையும் விடவேண்டாம். ஜேம்ஸ் கேம்பெல் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் 1758 முதல் இந்த மலைநாட்டாருக்குக் கேலிக் மொழியில் பிரசங்கம் செய்தார். பார்பக்யூ, லாங்ஸ்ட்ரீட், பிளஃப் சபைகள் அப்படி உருவானவை. ஊரைவிட்டுப் புறப்படும்போது பங்குப் போதகரிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வருவது ஸ்காட்லாந்து வழக்கம். அப்படி ஒரு தாள் எந்த வீட்டு வேதாகமத்துக்குள்ளாவது மடித்துக் கிடந்தால், தேடல் ஒரே நாளில் முடிந்துவிடும். பெரியப்பாவிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: பழைய வேதாகமம் எந்தக் கிளையிடம் இருக்கிறது?

1776-க்கு, அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்துக்கு வாருங்கள். பிப்ரவரி 27 அன்று மூர்ஸ் கிரீக் பாலத்தில் அரசருக்காகத் திரண்ட மலைநாட்டார் தோற்றார்கள். கலோடனுக்குப் பின் இளவரசரைத் தப்பவைத்துப் புகழ்பெற்ற ஃப்ளோரா மெக்டொனால்டின் கணவரும் அதில் சிறைப்பட்டார். அரசர் பக்கம் நின்று சொத்தை இழந்தவர்கள் பிறகு லண்டனில் நஷ்டஈடு கேட்டு மனு செய்தார்கள். எந்த ஆண்டு வந்தேன், எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்று மனுவில் வரிவரியாக இருக்கும். உங்கள் ஆள் 1790-களில் இங்கேயே இறந்ததால் அவர் பெயரில் மனு இல்லாமல் இருக்கலாம். அண்ணன் தம்பி, மைத்துனர், சாட்சி சொன்ன பக்கத்து வீட்டார் பெயர்களில் தேடுங்கள்.

உயிலைப் படிக்கும்போது மனம் சங்கடப்படும், தயாராக இருங்கள். மாடு, கலப்பை, கட்டில் என்று போகும் வரிசையில் அடிமைகளின் பெயரும் வரும். பிள்ளைகளுக்காக எழுதும் வரலாற்றில் அந்த வரியை மெதுவாக நழுவவிடும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நழுவவிடாதீர்கள். பெயர், வயது, யாருக்குக் கொடுக்கப்பட்டார் என்பதை அப்படியே பெயர்த்து எழுதுங்கள். இன்று அதே ‘மெக்’ பெயரோடு இருக்கும் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குத் தங்கள் முன்னோரைப் பற்றிக் கிடைக்கக்கூடிய ஒரே எழுத்து அதுவாக இருக்கக்கூடும்.

தேதிகளில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்காட்லாந்து 1600 முதலே ஜனவரி 1-ஐப் புத்தாண்டாகக் கொண்டது. இங்கிலாந்தும் அதன் குடியேற்ற நாடுகளும் 1752 வரை மார்ச் 25-ஐப் பிடித்துக்கொண்டிருந்தன. எனவே ஸ்காட்லாந்துத் தாளில் 1742 பிப்ரவரி என்பது கரோலினாத் தாளில் 1741 பிப்ரவரி. தகப்பன் இறந்த பிறகு மகன் கப்பல் ஏறினானா, அதற்கு முன்பா என்ற கேள்வி வரும்போது இந்த ஒரு வருடம் ஆளை மாற்றிவிடும். இரண்டு ஆண்டும் தெரியும்படி 1741/2 என்றே குறித்துவையுங்கள்.

பங்கின் பெயர் கிடைத்த பிறகு ஸ்காட்லாந்து. அரசின் ‘ஸ்காட்லாந்ஸ்பீப்பிள்’ தளத்தில் பழைய பங்கு ஏடுகளும் உயில்களும் சபை மூப்பர் கூட்டக் குறிப்புகளும் உண்டு. முக்கால்வாசி வேலை ராலேயில் இருந்தபடியே முடியும். அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு அங்கே தொடங்கியது 1855-இல் என்பதால் உங்களுக்குப் பயன்படாது. மேற்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் பங்கு ஏடுகளே பிந்தித்தான் தொடங்குகின்றன. ஞானஸ்நானப் பதிவு கிடைக்காமல் போவதே அங்கே சாதாரணம். அப்போது பண்ணை ஆவணங்களுக்குப் போகவேண்டும்: வாடகைப் பட்டியல்கள், குத்தகைதாரர் மனுக்கள். ஆர்கைல் பிரபு தன் பண்ணைகளில் குடியிருந்தோரை 1779-இல் வயதோடு கணக்கெடுத்தார், அச்சில் இருக்கிறது. உங்கள் ஆள் அதற்குள் கிளம்பியிருப்பார், ஆனால் பின்தங்கிய சகோதரர்கள் எந்தப் பண்ணையில் இருந்தார்கள் என்று அதில் தெரியலாம். இந்த அளவுக்கு வந்துவிட்டால் டிக்கெட் எடுங்கள். அந்தப் பண்ணை இருந்த இடத்தில் போய் நிற்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

மரபணுச் சோதனையைப் பொறுத்தவரை, எட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் மரபணுப் பங்கு சராசரியாக 256-இல் ஒன்று. சாதாரணச் சோதனையில் அது தென்படாமலே போகலாம். அதுபோக, அந்த ஓடைக்கரைகளில் உறவுக்குள்ளேயே மணந்துகொண்டதால் வரும் பொருத்தங்கள் எந்த வழி என்று சொல்வது கடினம். உங்களுக்குத் தேவை தந்தையிலிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் வரும் ஒய் குரோமோசோம் சோதனை. பெயர் வழுவாமல் ஆண் வழியில் வந்த யாரும் அதற்கு எச்சில் மாதிரி தரலாம். உங்கள் கணவரே போதும். சாதாரணச் சோதனையை மட்டும் பெரியப்பாவுக்குச் செய்யுங்கள். ஒரு தலைமுறை மேலே இருப்பதால் அவரிடம் அந்த மரபணுப் பங்கு இரட்டிப்பாக இருக்க வாய்ப்புண்டு. முடிவுகள் யார் யாருக்குத் தெரியவரும் என்பதை முன்கூட்டியே விளக்கி, அவர் முழு மனதோடு சம்மதித்த பிறகே மாதிரி எடுங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், வேதாகமக் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.