பிடித்தம் இல்லாத சம்பளம்

அண்ணா, சிங்கப்பூர்ல எம்ப்ளாய்மென்ட் பாஸ்ங்கற வேலை அனுமதியில சேர்ந்து மூணு மாசம் ஆகுது. நல்ல சம்பளம், பிடித்தமும் ஒண்ணும் இல்ல, முழுசா அக்கவுண்ட்ல விழுது. வாடகைக்கு எத்தன சதவீதம் ஒதுக்கலாம்? செலவு எழுத எந்த ஆப் நல்லது? மீதிய அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுறேன், எனக்குன்னு செலவழிக்க மனசே வரல.
- ஒரு வாசகர்

தம்பி,

ஆப் எதுவா இருந்தா என்ன, நோட்டுல எழுதுங்க. வாடகைக்கு சதவீதமெல்லாம் எனக்கு சொல்லத் தெரியாது, தூரத்துல ரூம் எடுத்து தினம் ரயில்ல நிக்க உங்க உடம்பு தாங்குமாங்கறதுதான் கணக்கு. நான் எழுத உக்காந்ததே 'பிடித்தமும் ஒண்ணும் இல்ல'ன்னு குஷியா எழுதிருக்கீங்க பாருங்க, அந்த வரிக்காகத்தான், ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கற விஷயம் அது.

உங்க பக்கத்து சீட்டு உள்ளூர்க்காரருக்கு 55 வயசுக்குள்ளன்னா, ஒரு உச்சவரம்பு வரைக்கும் சம்பளத்துல 20 சதவீதம் சிபிஎஃப்புக்கு, அதாவது நம்ம ஊர் பிஎஃப் மாதிரி ஒரு சேமிப்புக்குப் போகுது, கம்பெனி அதுக்கு மேல 17 சதவீதம் போடுது. வயசான காலம், ஆஸ்பத்திரி, வீடு எல்லாம் அதுக்குள்ள வந்துடுது. உங்களுக்கு சிபிஎஃப் கிடையாதுய்யா! உங்க சம்பளத்துல பிடிச்சு வைக்க வேண்டிய ஆள் நீங்கதான், நீங்க என்னடான்னா மொத்தத்தையும் அனுப்பிட்டு உக்காந்திருக்கீங்க.

வரியும் மாசாமாசம் வெட்ட மாட்டாங்க, அடுத்த வருஷம் மொத்தமா பில் வரும். மாசம் 6,000 வெள்ளி, அதான் சிங்கப்பூர் டாலர், சம்பளம்னா முழு வருஷத்துக்கு சுமாரா 2,700 வெள்ளி. பேங்க்ல இருந்து தானா எடுத்துக்கற ஜைரோல 12 தவணையா கட்டலாம், வட்டி இல்ல, அது பரவால்ல. ஆனா வேலைய விட்டுட்டுக் கிளம்புறப்பதான் கழுத்தப் பிடிக்கும். என்கூட ரூம்ல ஒரு அண்ணன் இருந்தாரு, உங்கள மாதிரியேதான், பிஞ்ச செருப்ப ஒட்டி ஒட்டிப் போட்டுட்டு எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்புவாரு, கடைசில வரிக்கணக்கு முடியணும்னு கம்பெனி அவரோட கடைசி சம்பளத்த நிறுத்தி வச்சிடுச்சு. வெளிநாட்டுக்காரர் வேலைய விட்டா அப்படி நிறுத்தி வைக்கணும்னு சட்டமே இருக்கு. டிக்கெட்டுக்குக் கைமாத்து கேட்டாரு, எங்க மூஞ்சியப் பாக்காம சுவத்தப் பாத்துகிட்டே கேட்டாரு. அவர் வீட்டுக்கு இது இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

வேலை போய் பாஸ் ரத்தானா பொதுவா 30 நாள்தான் தங்க விடுவாங்க, அந்த 30 நாளுக்கு வாடகை யார் தருவா?

அதனால சம்பளம் விழுந்த அன்னிக்கே வரிக்கும் உங்க வயசான காலத்துக்கும் ஒரு பங்க வேற அக்கவுண்ட்டுக்குத் தள்ளுங்க. நல்ல செருப்பு ஒண்ணு வாங்குங்க, மனசு வரலையாம்ல. மிச்சத்த வீட்டுக்கு அனுப்புங்க. ஏன் குறையுதுன்னு கேட்டா பிடித்தம்னு சொல்லுங்க, பொய் ஒண்ணும் இல்லையே.