பாக்தாத் டிக்கெட்டைப் பார்த்துப் போடுங்கள்

கேள்வி: என் கணவர் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். பாக்தாத் பக்கம் ஒரு புராஜெக்ட்டுக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் கூப்பிடுகிறார்கள். ஏஜென்ட், சென்னை–துபாய் ஒரு டிக்கெட், துபாய்–பாக்தாத் வேறொரு டிக்கெட் என்று போட்டுத் தருகிறாராம். அதுதான் மலிவு என்கிறார். பாக்தாத் விமான நிலையம் பாதுகாப்பானதா? சரி சொல்வதற்கு முன் நாங்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? – வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த இரண்டு தனி டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரண ஊருக்கு என்றால் மிச்சமாகும் பணத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். பாக்தாத்துக்குக் கூடாது. காரணம் சொல்கிறேன்.

அந்த விமான நிலையத்தின் பழைய பெயர் சதாம் சர்வதேச விமான நிலையம். 1982-இல் திறந்தார்கள். ஈராக் 1990-இல் குவைத்தின் மேல் படையெடுத்த பின் வந்த பொருளாதாரத் தடைகளால் பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை பிடித்த பிறகு பெயர் மாறியது. அதே ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி, அங்கிருந்து கிளம்பிய டி.எச்.எல். சரக்கு விமானத்தின் இடது இறக்கையில் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை பட்டது. விமானத்தின் திசையைக் கட்டுப்படுத்தும் பாகங்களை இயக்குகிற ஹைட்ராலிக் முழுவதும் போய்விட, விமானத்தில் இருந்த மூவரும் எஞ்சின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே அதைத் திருப்பிக்கொண்டு வந்து இறக்கினார்கள். விமானிகள் இன்றும் வியந்து பேசும் சம்பவம் அது. விமான நிலையத்துக்கு நேர் மேலே வந்து, வட்டமடித்தபடியே செங்குத்தாக இறங்கும் வழக்கம் பாக்தாத்தில் இருந்ததும் இந்த மாதிரி ஏவுகணைப் பயத்தால்தான். உங்கள் கணவரை யாராவது பயமுறுத்தியிருந்தால் பெரும்பாலும் அந்தக் காலத்துக் கதையைச் சொல்லித்தான் இருக்கும்.

அதன் பிறகும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2015 ஜனவரியில் இறங்கிக்கொண்டிருந்த ஃப்ளைதுபாய் விமானத்தில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. அமீரக விமான நிறுவனங்கள் உடனே பாக்தாத் சேவையை நிறுத்தின. 2020 ஜனவரி 3 அன்று ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்க டிரோன் கொன்றது, இந்த நிலையத்தை விட்டு வெளியே வரும் சாலையில்தான். 2022 ஜனவரியில் ராக்கெட்டுகள் விழுந்து, நிறுத்தி வைத்திருந்த விமானங்கள் சேதமாயின. அமெரிக்கா இன்னொரு பக்கம், தன் நாட்டு விமான நிறுவனங்கள் பாக்தாத் வான்பரப்பில் 32,000 அடிக்குக் கீழே பறக்கப் பல ஆண்டுகளாகத் தடை வைத்திருக்கிறது. ஆனாலும் வளைகுடா, துருக்கி, ஜோர்டான் விமானங்கள் அங்கே போய் வந்திருக்கின்றன. இந்தச் சம்பவங்களை அத்தனை ஆண்டுகளில் வந்துபோன விமானங்களோடு சேர்த்துப் பார்த்தால், விமானத்தில் இருக்கும்போது உங்கள் கணவருக்கு ஏதாவது ஆகும் வாய்ப்பு மிகக் குறைவு.

வாய்ப்பு அதிகம் உள்ளது வேறொன்று: வான்வெளியை மூடிவிடுவார்கள். ஈரானும் இஸ்ரேலும் மோதினால் ஏவுகணைகள் பறக்கும் பாதை ஈராக்கின் தலைக்கு மேலேதான். 2024 ஏப்ரல் 13 இரவு மூடினார்கள், மறுநாள் காலை திறந்தார்கள். அக்டோபரிலும் அதே கதை. 2025 ஜூன் 13-இல் மூடியபோது பாக்தாத் சேவை சீராகப் பத்து நாளுக்கு மேல் ஆனது. இடையில் தெற்கு ஈராக்கிலுள்ள பாஸ்ராவில் மட்டும் பகல் நேர விமானங்களுக்கு வழி விட்டார்கள். போர் இல்லாவிட்டால் புழுதி. 2022 மே மாதம் அடுத்தடுத்து வந்த புழுதிப் புயல்களால் பாக்தாத் விமானங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. வசந்தத்திலும் கோடையிலும் இது சகஜம்.

இப்போது டிக்கெட்டுக்கு வருவோம். ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) சென்னை முதல் பாக்தாத் வரை டிக்கெட் இருந்தால், துபாயில் மாட்டிக்கொள்ளும் பயணியை வேறு விமானத்தில் அனுப்புவதோ பணத்தைத் திருப்புவதோ அந்த நிறுவனத்தின் தலையில் விழும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு முதல் பயணத்தைப் பற்றி அக்கறையே கிடையாது. சென்னை விமானம் தாமதமானால் இவரை 'நோ-ஷோ' (வராத பயணி) என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஊர் திரும்பும்போது பாக்தாத் விமானம் ரத்தானால் சென்னை டிக்கெட் வீண். அப்புறம் பெட்டி. தனி டிக்கெட்டில் அது பெரும்பாலும் துபாயிலேயே இறங்கும். வெளியே வந்து எடுத்து மறுபடி செக்-இன் செய்ய அமீரக விசா வேண்டும். இதை ஏஜென்ட் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள். எமிரேட்ஸும் ஃப்ளைதுபாயும் சேர்ந்தே டிக்கெட் விற்பவை, தோஹா வழியாக கத்தார் ஏர்வேஸிலும் ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். விலை வித்தியாசத்தை கம்பெனி கொடுக்கட்டும், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகவும் கேளுங்கள். ஈராக்கி ஏர்வேஸ் மலிவாகக் கிடைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது, அதனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பாக்தாத்தில் பகலில் போய்ச் சேரும் விமானமாகப் பாருங்கள். நிலையம் நகரத்துக்கு மேற்கே சுமார் 16 கிலோமீட்டர். அமெரிக்க ஆக்கிரமிப்பு ஆண்டுகளில் உலகத்திலேயே ஆபத்தான சாலை என்று பெயர் வாங்கிய சாலை அது. இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனால் சோதனைச் சாவடிகள் உண்டு. சிறகு கட்டிப் பறக்க முயன்றதாகச் சொல்லப்படும் பழங்கால அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் சிலை நிற்கும் சந்திப்பில் வண்டி மாறி, அனுமதி பெற்ற டாக்ஸியில்தான் நிலையத்துக்குப் போக வேண்டும் என்பது நீண்ட காலம் இருந்த முறை. இந்த விதிகள் அடிக்கடி மாறும். ஆகவே கம்பெனி ஆளே உள்ளே வந்து அழைத்துப் போகட்டும், அவருடைய பெயரும் எண்ணும் புறப்படும் முன்பே கையில் இருக்கட்டும். திரும்பும்போது பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்து மோப்ப நாய் பார்க்கும். இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட சோதனை. நான்கு மணி நேரம் முன்னதாகக் கிளம்பச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் பலர் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வரும் பாலிசியில் போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலவரம் ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கும். அதாவது எதற்காகக் காப்பீடு தேவையோ அதற்கு மட்டும் இல்லை. போர் ஆபத்தும் மருத்துவத்துக்காக நாட்டை விட்டு அழைத்துவரும் செலவும் அடங்கியது என்று எழுத்தில் உள்ள பாலிசியை கம்பெனி தர வேண்டும். வாய்வார்த்தை போதாது.

விசாவையும் பாருங்கள். வடக்கு ஈராக்கில் தன்னாட்சியுள்ள குர்திஸ்தான் பகுதியின் தலைநகரான எர்பில் வழியாகப் போகலாம் என்று யாராவது சொன்னால் கவனம்: குர்திஸ்தான் அரசு தரும் விசாவை வைத்துக்கொண்டு பாக்தாத் போக முடியாது. பாக்தாத் அரசின் விசா குர்திஸ்தானிலும் செல்லும். இது ஏன் முக்கியம் என்றால், பாக்தாத் மூடிய நாளில் பாஸ்ரா, நஜஃப், எர்பில் என்று வேறு நிலையங்கள்தான் வழி. 2014-இல் ஐ.எஸ். தீவிரவாதிகள் முன்னேறியபோது ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கிய 46 இந்திய நர்சுகளை, பெரும்பாலும் கேரளத்தவர், மீட்டு வந்தது எர்பிலிலிருந்துதான். தரை வழியாக ஜோர்டானுக்கோ குவைத்துக்கோ போகலாம் என்று கம்பெனி சொன்னால், அந்த நாட்டு விசாவை யார் வாங்கித் தருவார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் கணவரின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருந்தால் கவனியுங்கள்: அப்படிப்பட்டவர்கள் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் ஈராக்கும் ஒன்று. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான ஏஜென்ட் வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும். விசிட் விசாவில் அனுப்பி அங்கே மாற்றித் தருகிறேன் என்றால் ஆளை விட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பாக்தாத்திலுள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட் நகலும் வேலை ஒப்பந்த நகலும் உங்களிடமும் ஒரு செட் இருக்கட்டும்.

புறப்படும் வாரத்தில் ஏஜென்டிடம் கேட்காமல், விமான நிறுவனத்தின் தளத்திலும் தூதரக அறிவிப்பிலும் நீங்களே பாருங்கள். போக வேண்டாம் என்று தூதரகம் சொல்லியிருந்தால் கம்பெனி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தேதியைத் தள்ளிப் போடுங்கள். தேதி மாற்றும் வசதியுள்ள டிக்கெட் கேட்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.